ஆழம் எப்படி இருக்கிறது?

எங்கள் லாத்ரப் குடும்பத்தில் யாரும் கோல்கீப்பராக நின்றதில்லை. அப்பா முன்வரிசை, நான் முன்வரிசை, என் மகன் ஆஷரும் முன்வரிசை. கோல் போடப் பிறந்தவர்கள் என்று ஸ்டோன்மியர் பள்ளியில் எங்களைச் சொல்வார்கள். அதனால், என் பேரன் சைலஸ் இரண்டு வருடங்களுக்கு முன்பு விடுதியிலிருந்து கூப்பிட்டு, வலைப்பை மட்டையால் பந்தெறிந்து ஆடும் லாக்ராஸின் முதல் அணியில் இடம் கிடைத்துவிட்டது, கோல்கீப்பராக, என்று சொன்னபோது வாழ்த்துச் சொல்ல நான் சற்று நேரம் எடுத்துக்கொண்டேன். "தாத்தா, லைன்ல இருக்கீங்களா?" என்று அவன் கேட்க வேண்டியதாயிற்று.

விஷயம் பெஞ்சைப் பற்றியது. மைதானத்தின் ஓரத்தில், மேப்பிள் மரத்தடியில் ஒரு ஓக் பெஞ்ச் கிடக்கிறது. எங்கள் பரம எதிரிப் பள்ளியான பெல்டன் ஹாலுக்கு எதிரான ஆட்டத்தில் கோல் போட்டவன் மட்டும் அதில் பேனாக்கத்தியால் தன் பெயரைச் செதுக்கலாம். பெயர் உள்ளவன் மட்டும் அதில் உட்காரலாம். மற்றப் பள்ளிகளுக்கு எதிராக ஐம்பது கோல் போட்டிருந்தாலும் செல்லாது. அப்பாவின் பெயர் 1934 என்ற ஆண்டோடு அதில் இருக்கிறது. ஆஷரின் பெயர் 1993. நடுவில் என் பெயர் இல்லை.

கணுக்கால் சுளுக்கியதால் பெல்டன் ஆட்டத்தில் நான் ஆடவில்லை என்று என் மனைவி இறக்கும்வரை நம்பினாள். ஆஷரும் நம்பிக்கொண்டிருந்தான். நடந்தது வேறு. 1966இல் கடைசி நிமிடத்தில் நான் பெல்டனுக்கு எதிராக வெற்றி கோலைப் போட்டேன். பந்து வலைக்குள் கிடந்தது. பெல்டனின் கோல்கீப்பர் கோர்ட்லண்ட் வாஸ் மெதுவாக எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, என் மட்டையைச் சோதிக்கும்படி நடுவரைக் கேட்டான். மட்டையின் தலையில் இருக்கும் வலைப்பையில் பந்தை வைத்துப் பக்கவாட்டில் பார்ப்பார்கள். பந்து முழுவதும் பையின் ஓரச் சட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் பை ஆழம் அதிகம் என்று அர்த்தம். அப்படிப்பட்ட பையிலிருந்து பந்தை யாராலும் தட்டிவிட முடியாது என்பதால் அது ஏமாற்று. என் பந்து இறங்கிவிட்டது. அந்த வாரம் முழுக்க மழை. தோல் வார்கள் இளகியிருந்தன, நான் இறுக்கவில்லை. கோல் செல்லாது என்றார்கள். என்னை வெளியே உட்காரவைத்தார்கள். நான் உட்கார்ந்திருந்தபோதே பெல்டன் ஒரு கோல் போட்டு ஜெயித்தது. லாத்ரப் ஒருவன் திருட்டு மட்டையோடு பிடிபட்டான் என்று என் வாயால் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் புதிய விதிப்புத்தகம் வெளிவந்ததும் மட்டையைப் பற்றிய பக்கத்தை மட்டும் படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எதற்கென்று எனக்கே தெரியாது. உடைந்த பல்லை நாக்கு தேடிப் போவதில்லையா, அதுபோல.

வாஸும் மறக்கவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவனிடமிருந்து ஓர் அஞ்சல் அட்டை வரும். ஒரே வரிதான்: ஆழம் எப்படி இருக்கிறது? நான் பதில் எழுதியதில்லை. நாங்கள் இருவரும் ஏதோ ஏரியில் சேர்ந்து மீன் பிடிக்கிறோம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

இந்த மே மாதம் சைலஸின் கடைசி பெல்டன் ஆட்டம். அவன் பெயர் இல்லாமலேயே அந்தப் பெஞ்சில் எங்கள் வரிசை முடியப்போகிறது என்ற கணக்கோடுதான் காலையில் டை கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆஷர் சிகாகோ விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். அவன் மனைவி மேரன் என்னோடு வந்தாள். மாட்டு வைத்தியர், கல்யாணமாகி இருபது வருடமாகியும் இந்த ஆட்டம் அவளுக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஆட்டம் முழுவதையும் தொலைபேசியில் ஆஷருக்கு வர்ணிக்கும் பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள்.

மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் மடக்கு நாற்காலிகள். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி, மடியில் குண்டான ஒரு குட்டைக்கால் நாயோடு, வாஸ்.

"என்ன லாத்ரப், முதுகுல கம்பி வச்சுத் தச்சிருக்காங்களா?" என்றான்.

"கூன் போடறது எங்க வீட்டுல பழக்கமில்ல" என்றேன்.

ஆட்டம் தொடங்கியதும் மேரனின் வர்ணனையும் தொடங்கியது. "ஒரு பையன் இன்னொரு பையன மட்டையால அடிக்கிறான். நடுவர் பாத்துட்டுத்தான் இருக்காரு. ஒண்ணும் சொல்லல. அப்போ சரி போலிருக்கு." சைலஸ் ஒரு பந்தைத் தொடையால் தடுத்தான், அவன் வலியில் குதித்ததை வெற்றி நடனம் என்று சொன்னாள். ஆஷர் அந்தப் பக்கத்திலிருந்து ஸ்கோர் என்ன, ஸ்கோர் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தான். எட்டுக்கு எட்டு என்று நான் குனிந்து சொல்ல வேண்டியிருந்தது.

நாற்பது வினாடிகள் மீதம். பெல்டன் பையன் ஒருவன் அடித்த பந்தை சைலஸ் மட்டையால் நடுக்காற்றில் பிடித்தான். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரோடும் ஒரு பெல்டன் பையன் ஒட்டிக்கொண்டு நின்றான். எறிய இடமில்லை. சைலஸ் வலப்பக்கம் பார்த்தான், இடப்பக்கம் பார்த்தான், ஓட ஆரம்பித்தான்.

கோல்கீப்பரின் மட்டை மாவு சலிக்கும் சல்லடை அகலம் இருக்கும். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு, மார்புக் கவசம் தாடையில் இடிக்க இடிக்க, நீர்யானைக் குட்டி கரையேறுவது போல அவன் வந்தான். நடுக்கோட்டைத் தாண்டினான். பின்னாலிருந்து ஒருவன் கோட்டைத் தாண்டினால் அவனுக்குப் பதில் இன்னொருவன் தாண்டாமல் நிற்க வேண்டும்; அத்துமீறல் ஆகாமலிருக்க எங்கள் பையன் ஒருவன் அங்கேயே நின்று, நான் தாண்டவில்லை பாருங்கள் என்று மட்டையை உயர்த்திக் காட்டினான்.

"மாமா, அவன் எங்க போறான்?" என்றாள் மேரன். "அவனோட வலை அந்தப் பக்கம் இல்லையே."

அவனைத் தடுக்க யாரும் வரவில்லை. கோல்கீப்பர் எப்படியும் யாருக்காவது எறிவான் என்பது உலகம் அறிந்தது. பெல்டனின் பின்வரிசைப் பையன்கள் தங்கள் ஆளை விடாமல் ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டிருந்தார்கள். "நீ போடா." "நான் போனா இவனுக்குப் போட்ருவான், நீ போ." "டேய், யாராவது போங்கடா."

சைலஸ் அடித்தான். அதை அடி என்று சொல்வதும் பெருந்தன்மைதான். பந்து இரண்டு முறை தரையில் குதித்து, இவன் எறியத்தான் போகிறான் என்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்த பெல்டன் கோல்கீப்பரின் கால்களுக்கு நடுவே நிதானமாக உள்ளே போனது.

அதற்குப் பிறகு நடந்ததில் கொஞ்சம் எனக்கு நினைவில்லை. என் தொப்பி எலுமிச்சைச் சாற்றுப் பாத்திரத்தில் மிதந்தது. வாஸின் நாய் என் கைகளில் இருந்தது; எப்படி வந்தது என்று எனக்கோ வாஸுக்கோ நாய்க்கோ தெரியவில்லை. மேரன் தொலைபேசியில், "தப்பான பக்கம் போட்டுட்டான், ஆனா எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது பெல்டன் பயிற்சியாளர் கையைத் தூக்கி, மட்டையைச் சோதிக்கச் சொன்னார்.

மைதானம் அடங்கியது. இரண்டு நடுவர்களில் மூத்தவர் எதிர்ப்பக்கத்தில் கடிகார மேசையில் குனிந்திருந்தார். இளையவர், இதுதான் அவருக்கு முதல் வருடம் போலிருந்தது, சைலஸின் மட்டையை வாங்கிப் பந்தை வைத்தார். பந்து சாக்குக்குள் போட்ட முட்டை மாதிரி காணாமலே போனது. அவர் இரண்டு கைகளையும் குறுக்கே வீசினார். கோல் செல்லாது.

எங்கள் பயிற்சியாளர் வாயைத் திறந்தபடி நின்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கோல்கீப்பர் ஒருவன் கோல் போட்டால்தானே இந்தக் கேள்வியே வரும். சைலஸ் தலைக்கவசத்தைக் கழற்றினான். அவன் யாரையும் பார்க்கவில்லை, தன் மட்டையைத்தான் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

விதிப்புத்தகத்தில் மட்டையைப் பற்றிய அந்தப் பக்கத்தின் கடைசி வரியும் எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள் என்பதும் தெரியும். வாஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்ட மைதானத்தில் லாத்ரப் எவனும் குரல் உயர்த்தியதில்லை. நாயை மேரனிடம் கொடுத்துவிட்டுக் கயிறுவரை நடந்தேன்.

"அது கோல்கீப்பர் மட்டை" என்று கத்தினேன். "ஆழக் கணக்கு அதுக்குக் கிடையாது. மட்டை விதியோட கடைசி வரியப் படிங்க."

இளைய நடுவர் திரும்பினார். இன்னொரு முறை கத்தினால் உங்கள் அணிக்குத்தான் தண்டனை என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நீங்க யாரு சார்?" என்று கேட்டார்.

கேள்வி கேட்டால் பதில் சொல்வது கத்துவது ஆகாது. எல்லோருக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னேன். "ஆல்டன் லாத்ரப். அறுபத்தாறுல இதே மைதானத்துல ஆழ மட்டையோட பிடிபட்டவன். அந்தப் பக்கத்த அம்பத்தொம்பது வருஷமா படிச்சிட்டிருக்கேன்."

எனக்குப் பின்னால் நாற்காலி முனகியது. வாஸ் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றான், பெல்டனின் கடுகு நிறத் துண்டு கழுத்தில் தொங்க. "அவரு சொல்றது சரிதான் தம்பி" என்றான். "பிடிச்சுக் கொடுத்தவன் நான்தான்."

மூத்த நடுவர் வந்தார். பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். உதடுகள் அசைய, விரலால் தடவி, கடைசி வரிக்கு வந்தார். புத்தகத்தை மூடிவிட்டு இரண்டு கைகளையும் நேராக மேலே தூக்கினார். கோல்.

மீதமிருந்த பதினொரு வினாடிகளில் பெல்டனால் எதுவும் செய்ய முடியவில்லை. பையன்கள் சைலஸின் மேல் குவிந்தார்கள். அந்தக் குவியலின் உச்சியிலிருந்து சல்லடை மட்டை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

மேரன் நாயோடும் தொலைபேசியோடும் என்னிடம் வந்தாள். "ஆஷர் எல்லாத்தையும் கேட்டுட்டாரு மாமா. விமானத்துக்குக் கூப்பிடுறாங்களாம், இவரு சிரிச்சிட்டே நிக்கிறாராம்."

"நிக்கட்டும்."

"அப்போ கணுக்கால்?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் வாஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மீன்?"

"மீனும் இல்ல."

"ஒண்ணுகூடவா?" என்றாள். அதற்கு வாஸ் சிரித்த சிரிப்பில் நாய் குரைத்தது. பிறகு அவளுக்கு இன்னொன்று தோன்றியது. "அதனாலதான் அந்தப் பெஞ்சுல உக்காராம, முதுகுக்கு ஆகாதுன்னு இத்தன வருஷமா மடக்கு நாற்காலிய சுமந்துட்டு வர்றீங்களா?"

நான் என் நாற்காலியை மடக்கினேன்.

சாயங்கால வெயிலில் சைலஸ் பெஞ்சின் முன் மண்டியிட்டுச் செதுக்கினான். ஆஷரின் பெயருக்கு அடியில், இன்னும் மார்புக் கவசத்தைக்கூடக் கழற்றாமல். பல்லுக்கு நடுவில் நாக்கை நீட்டிக்கொண்டு எழுத்து எழுத்தாக. முடித்ததும் தூளை ஊதிவிட்டு நிமிர்ந்தான். "தாத்தா, அப்பா பேருக்கு மேல இடம் இருக்கு. உங்க பேரையும் போட்ரட்டா?"

"கூடாது. என்னோட கோல் செல்லாது."

"சும்மா கேட்டுப் பாத்தேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்தான். நான் பின்னால் நின்று அதன் சாய்வில் கை வைத்துக்கொண்டேன். அதற்கு விதியில் தடையில்லை.

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக ஓர் அஞ்சல் அட்டை வாங்கினேன். கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. காத்திருக்க என்னால் முடியவில்லை. வாஸின் விலாசத்தை எழுதி, மறுபக்கத்தில் ஒரே வரி எழுதினேன்.

கோல்கீப்பருக்கு ஆழக் கணக்குக் கிடையாது.