வெல்லமண்டி ருசி

பெருமாள்சாமி அரிசிச் சோற்றைத் தொட்டு இரண்டு மாதமாகிவிட்டது. கேப்பைக் களி, கீரை வெஞ்சனம், விடிந்ததும் கோட்டைக்குளம் வரை நடை. மனுஷர் எதிலும் பிசகவில்லை. சர்க்கரை இறங்காவிட்டால் புண் வைத்த கால் பெருவிரலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே!

ஆனால் அந்தப் பாழாய்ப்போன நீலத் தண்ணீர்! அதில் எட்டுச் சொட்டு சிறுநீரை விட்டுக் காய்ச்சினால், சர்க்கரைக்குத் தக்கபடி பச்சை, மஞ்சள், செங்கல் என்று நிறம் மாறும்; சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே நிற்கும். மண்டி முடிந்து மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போகும் இவருக்கு வாராவாரம் செங்கல்தான்.

"ஒளிச்சு எதையும் திங்கிறீகளா அண்ணாச்சி?" என்றார் கம்பவுண்டர் இஞ்ஞாசி.

"ஆத்தா சத்தியமா இல்ல!"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதைவிட ஆச்சரியம் பெரிது. காயப்போட்ட உடம்புக்குள் சர்க்கரை எந்த வழியாக நுழைகிறது? கண்ணாடிக் குழாயும் ஸ்பிரிட் விளக்கும் வாங்கி வந்து வீட்டிலேயே மூன்று வேளையும் காய்ச்சினார்.

"சோறாக்குற எடத்துலயா இந்தக் கூத்து?" என்று மனைவி மாயம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வைதாள். ஆனால் நிறத்தை அவளும் எட்டிப் பார்த்தாள். காலையில் பச்சை, மத்தியானம் செங்கல். ஞாயிறு மட்டும் நாள் பூராவும் பச்சை.

"ஞாயித்துக்கெழம மண்டி லீவு," என்றாள். "அங்க என்னதான் பண்ணுவீக?"

"என்ன பண்ணுவேன்? வர்ற வெல்லச் சிப்பம் ஒவ்வொண்ணையும் பிரிச்சு, ஒரு துணுக்கு வாயில போட்டு வெலை சொல்லுவேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. இருபது வருஷத் தரகு. தினம் நாற்பது சிப்பம். அது தொழிலல்லவா, அதைத் தீனி என்று யார் நினைத்தது!

"துப்பிருங்களேன்."

"வெள்ளாமைக்காரன் பொருள அவன் கண்ணு முன்னாடி துப்புறதா? நாளைக்கு எவன் வருவான்?"

மறுநாள் மாயம்மாளையும் மண்டிக்குக் கூட்டிப்போனார். பழனிப் பக்கத்து வெல்லம் ஒன்றை உடைத்து முகர்ந்து, "மொதத் தரம்," என்றார். மாயம்மாள் துணுக்கை மென்றாள்.

"உப்புக் கரிக்குது."

கொண்டுவந்தவர் தலையைச் சொறிந்தார். "ஏனுங்க, எங்க கெணத்துத் தண்ணி கொஞ்சம் உப்புத்தானுங்க!"

ஒரு மாதத்தில் குழாய் நீலமாகவே நின்றது. புண்ணில் புதுத்தோல் மூடியது. பெருமாள்சாமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மண்டிக்கு வந்த புதுச் சிப்பத்தில், இன்று ஒன்றே ஒன்று என்று கையை நீட்டினார்.

"நீங்க இருங்க அண்ணாச்சி," என்றார் வெல்லக்காரர். "அக்கா சொல்லட்டும்."

"செத்த தள்ளி நில்லுங்க, நெறம் தெரியல," என்றாள் மாயம்மாள்.

தள்ளி நின்றார். கால் வலிக்கவில்லை. நெஞ்சுதான் கொஞ்சம் வலித்தது.