ஏழு பேரின் வெளிநடப்பு

என் கொழுந்தனாருக்கு வாய் நீளம். அந்த வாய்க்காகத்தான் பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஓட்டுப் போட்டு அவரை ஆட்சிக்குழுவுக்கு அனுப்பினார்கள். அங்கே தேர்தலில் வென்று வந்தவர்கள் ஏழு பேர்; மேலிடம் நியமித்தவர்கள் பத்துப் பேர். ஆகவே எங்கள் ஆட்கள் எப்போதும் தோற்பார்கள். தோற்பதற்கு முன்பே கோஷம் போட்டுக்கொண்டு எழுந்து வெளியே வந்துவிடுவார்கள். மறுநாள் பேப்பரில் படம் வரும்.

அன்றைக்குக் குழுவின் முன் வந்தது மாலை வகுப்புகளை மூடும் தீர்மானம். நான் மாலை வகுப்பு மாணவி. பகலெல்லாம் தையல் தொழிற்சாலையில் சட்டைக் காலர் தைத்துவிட்டு, ஊசி குத்திய விரலோடு கணக்கியல் படிக்கிறேன். கடைசி வருடம். மூடினால் பகல் வகுப்புக்கு மாறிக்கொள்ளலாமாம். மாறலாம், வேலையை விட்டால். என் கணவர் படுத்த படுக்கையாகக் கிடக்கும்போது அடுப்பு யார் சம்பளத்தில் எரியும் என்று தீர்மானத்தில் எழுதவில்லை.

"கவலையே படாதீங்க அண்ணி. அவங்களை உண்டு இல்லைன்னு பண்ணிடுறேன்" என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

மாணவர்கள் நாங்கள் கூட்ட அறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே அவர் குரல் கணீரென்று கேட்டது. என்ன பேச்சு! எனக்கே கண் கலங்கிவிட்டது. பிறகு நாற்காலிகள் கிறீச்சிட்டன. கதவைத் தள்ளிக்கொண்டு ஏழு பேரும் கையை உயர்த்தியபடி வந்தார்கள்.

"கலக்கிட்டீங்க தம்பி!" என்று நான்தான் முதலில் கை தட்டினேன்.

கதவை யாரும் சாத்தவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். நீள மேஜையைச் சுற்றிப் பெரும்பாலும் காலி நாற்காலிகள். எப்போதும் ஜெயிக்கிறவர்கள்தானே, போகாவிட்டால் என்ன என்று நியமன உறுப்பினர்களில் பாதிப் பேர் வரவே இல்லை. உள்ளே இருந்தவர்கள் ஐந்தே பேர்.

"தம்பி, உள்ள அஞ்சு பேர்தான் இருக்காங்க! திரும்பப் போங்க. பேசக்கூட வேணாம், கை தூக்கினாப் போதும்!"

அவர் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. கதவை நெருங்குவதற்குள் பதிவாளர் கோப்பை இடுக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"முடிஞ்சிருச்சு சார். ஒருமனதா நிறைவேறிடுச்சு."

"நாங்க இல்லாமயா? அஞ்சு பேரை வெச்சுக்கிட்டு எப்படி?"

"ஆரம்பிக்கும்போது நீங்களும் இருந்தீங்களே சார். விதிப்படி அது போதும்."

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. நடுவில் கை உயர்த்தியபடி அவர். ஓரத்தில், வாயெல்லாம் பல்லாகக் கை தட்டுகிற நான். சாப்பிட உட்கார்ந்தவர் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்தேன்.

"இந்தக் கையை உள்ளயே தூக்கியிருக்கலாமே தம்பி."

அந்த வாய் அடைத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. தொழிற்சாலைக்குப் போய் மாலை ஷிப்டுக்கும் பெயர் கொடுத்தேன்.