முடி கொட்டாத மருந்து

மார்த்தாளுக்கு முதலில் சந்தேகம் வந்தது மருந்தின் மேல் அல்ல, புருஷன் மேல்.

சாம்ராஜ் அவளைத் திட்டுவதை விட்டிருந்தான். பாத்திரக்கடையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, சண்டை போட்டுக்கொண்டே வியாபாரம் பார்த்தவர்கள். குடத்துக்கு விலை மாற்றிச் சொல்லிவிட்டால் ஆள் முன்னாலேயே கத்துவான். இப்போது "பரவால்ல, மார்த்தாள்" என்கிறான். சாகப்போகிறவளிடம்தான் அப்படிப் பேசுவார்கள்.

அவள் மார்பில் வந்த புற்று எலும்புக்கும் போய்விட்டது என்று திருநெல்வேலி டாக்டரம்மா சொல்லிச் சில மாதங்கள் ஆகின்றன. கொடுத்தது இரண்டே மருந்து. தினமும் ஒரு சின்ன ஹார்மோன் மாத்திரை. மூன்று வாரம் போட்டு ஒரு வாரம் விடவேண்டிய பெரிய காப்ஸ்யூல்.

இளையரசனேந்தலில் வாழ்க்கைப்பட்ட அக்கா ரெபேக்காளுக்கும் மார்பில்தான் வந்தது. அவளுக்குக் கீமோ கொடுத்தார்கள். தலையணையெல்லாம் முடி. தண்ணீர் குடித்தாலும் வாந்தி. கூடவே இருந்து பார்த்தவள் மார்த்தாள். மருந்து என்றால் அப்படி இருக்க வேண்டும்.

பக்கத்து வளையல்கடை ஆபிதா பானு ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"என்னக்கா, ஊருல என்னமோ சொல்லுதாவ. ஒங்க கொண்டை அப்படியே இருக்கே?"

"வேணும்னா பாதி வெட்டித் தாரேன், வச்சுக்கிடு."

இருவரும் சிரித்தார்கள். அன்று மதியம் மார்த்தாளுக்குச் சோறு இறங்கவில்லை.

சின்ன மாத்திரையை அவள் நம்பினாள். அதைப் போட்டதிலிருந்து முட்டி வலித்தது. உடம்பு திடீரென்று கொதித்து அடங்கியது. காப்ஸ்யூல் ஒன்றும் செய்யவில்லை. அது வெறும் சத்து மருந்து என்று முடிவு கட்டினாள். இனிப் பிழைக்கமாட்டாள் என்று கைவிட்டதை அவளிடம் மறைக்க, இவனும் டாக்டரம்மாவும் பேசிவைத்துக்கொண்டு கொடுக்கிறார்கள்.

பித்தளையா முலாமா என்று தெரிய ஓரத்தில் சுரண்டிப் பார்ப்பது கடை வழக்கம். மருந்தின் அடுத்த சுற்று தொடங்கியதும் அவள் சுரண்டிப் பார்த்தாள். காலையில் கடையில் சாம்ராஜ் தரும் காப்ஸ்யூலைக் கன்னத்தில் ஒதுக்கினாள். அவன் அந்தப் பக்கம் திரும்பியதும் மேல்தட்டில் விலைபோகாமல் கிடந்த செம்புக்குள் போட்டாள். இரண்டு வாரம். உடம்பில் ஒரு மாற்றமும் இல்லை.

ரத்தம் பார்க்கும் நாள் வந்தது. டாக்டரம்மா முடிவைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"போன தடவை இதே சமயத்துல வெள்ளை அணு நல்லா குறைஞ்சிருந்தது. இந்தக் காப்ஸ்யூல் போட்டா குறையும். இப்ப குறையவே இல்லையே. ஏம்மா, போடுறீங்களா?"

மார்த்தாள் புருஷனைப் பார்த்தாள். பேசிவைத்தவன் முகம் அப்படி வெளிறாது.

"முடி கொட்டலியே" என்றாள். பிறகு செம்புக்குள் துப்பியதைச் சொன்னாள்.

"முடி கொட்டவைக்கிறது வேற மருந்து. இது புற்றுச் செல் பெருகாம குறிவச்சுத் தடுக்கும். சின்ன மாத்திரை அதுக்குப் போற தீனியை நிறுத்தும். ரெண்டும் சேர்ந்தாத்தான் நோயை நீண்ட நாள் பிடிச்சுவைக்க முடியும்."

"இந்த ரெண்டு வாரத்துல வளந்திருக்குமா?"

"ஸ்கேன் எடுத்தாத்தான் சொல்ல முடியும்."

திரும்பும் பேருந்து பனவடலிசத்திரம் தாண்டியது. சாம்ராஜ் வெடித்தான்.

"ஏட்டி, கூறு இருக்கா ஒனக்கு? மனசு நோகாம வச்சுக்கிடணும்னு டாக்டரம்மா சொன்னாவளேன்னு நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா, நீ செம்புல துப்பிக்கிட்டு இருந்திருக்க! மூதி!"

"கத்தாதீங்க. எல்லாரும் பாக்காவ."

"பாக்கட்டும்!"

'மூதி' என்ற திட்டைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஸ்கேனுக்கு எழுதித் தந்த சீட்டைப் பையிலிருந்து எடுத்துத் தேதியைப் பார்த்தாள்.

கடைக்கு வந்ததும் அவன் கண் முன்னாலேயே செம்பைக் கவிழ்த்துக் காப்ஸ்யூல்களைக் கொட்டிக் காட்டினாள்.

மறுநாள் காலை காப்ஸ்யூலை விழுங்கினாள்.

"வாயத் தொற" என்றான்.

"என்ன, நம்பிக்கை இல்லியா?"

"இல்ல. தொற."

ஆபிதா பானு எட்டிப் பார்த்தாள். சாம்ராஜ் கைபேசி விளக்கைப் போட்டு இரண்டு கன்னத்தையும் பார்த்தான். நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தான். பிறகு முக்காலியில் ஏறி, நேற்றுக் கவிழ்த்த செம்பை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினான்.