ஒன்பதாம் படி

குழந்தைகள் மருத்துவமனையில் காலில் அறுவைச் சிகிச்சை முடிந்து தேறிவரும் வாயாடிச் சிறுமிக்கு, வார்டுக்குப் போகும் மாடிப்படியில் எட்டுப் படி ஏறுவது தண்ணீர் பட்ட பாடு. ஒன்பதாவது வந்தால் மட்டும் தொப்பென்று உட்கார்ந்துவிடுவாள். சாயங்காலம் வரும் அப்பாதான் மீதி நாலு படிக்கும் தூக்கிப்போவார். பன்னிரண்டும் தானே ஏறினால்தான் டிஸ்சார்ஜ் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். எக்ஸ்ரேயில் ஒரு குறையும் இல்லை. பிறகு ஏன் இந்தக் கூத்து?

சமூகப் பணியாளருக்குத்தான் தலைவலி. இந்தக் குடும்பத்துக்காக அவள் அலையாத அலைச்சல் இல்லை. பள்ளியில் பேசி வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியிருந்தாள். விடுப்பில் இருக்கும் லாரி டிரைவர் அப்பாவுக்கு, இனிமேல் உள்ளூர் ஓட்டம் மட்டும் தரும்படி முதலாளியிடம் மன்றாடி வாங்கியிருந்தாள். அம்மா, அப்பா, முதலாளி, தலைமையாசிரியை எல்லோர் கையெழுத்தும் ஃபைலில் இருந்தன.

அன்று அவளும் எட்டாம் படியில் வாயாடியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வலிக்குதா கண்ணு?"

"இல்லக்கா."

"அப்புறம் என்ன? வீட்டுக்குப் போக ஆசையில்லையா?"

வாயாடி தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இங்க இருந்தா அப்பா தெனமும் வர்றாரு. வீட்டுக்குப் போனா மறுபடி லாரியில போயிடுவாரு. மாசத்துக்கு ஒரு தடவதான் வருவாரு."

சமூகப் பணியாளருக்குப் பொட்டில் அறைந்தாற்போல இருந்தது. அப்பாவின் உள்ளூர் வேலையைப் பற்றிப் பெற்றவர்கள் குழந்தையிடம் சொல்லியிருப்பார்கள் என்று இவளும், இவள் சொல்லியிருப்பாள் என்று அவர்களும் இருந்துவிட்டார்கள். பதினொரு வருட அனுபவமாம், மண்ணாங்கட்டி! விஷயத்தை உடனே சொன்னாள்.

"சும்மா சொல்றீங்க. எல்லாருக்கும் பேப்பர் குடுத்தீங்கல்ல? என் பேப்பர் எங்க?"

கேள்வி நியாயமானதுதான். ஃபைலை மடியில் வைத்து, 'அப்பாவுக்கு இனி உள்ளூர் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வருவார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சீல் இல்லாமல் செல்லாது என்று அடம்பிடித்தாள் வாயாடி. சமூகப் பணியாளர் ஆபீசுக்கு ஓடிப்போய்ச் சீலும் குத்திக்கொண்டு வந்தாள்.

பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாயாடி எழுந்தாள். ஒன்பது. பத்து. கைப்பிடியை இறுக்கிப் பதினொன்று. பன்னிரண்டு! நர்சுகள் கைதட்டினார்கள். சமூகப் பணியாளருக்குச் சந்தோஷத்தில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

அந்த நேரம் பார்த்து வந்த அப்பா, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி, பழக்கதோஷத்தில் கைகளை நீட்டினார்.

"தூக்க வேணாம்ப்பா," என்றாள் வாயாடி, பையைத் தட்டிக் காட்டி. "சாயங்காலம் வீட்டுக்கு வந்தா போதும்."