மூன்று நாள் குஞ்சுகள்

தீர்த்தகிரி கோழி கவிழ்த்திருந்த மூங்கில் பஞ்சாரத்தின் மேலிருந்த கல்லைத் தூக்கி ஓரமாகப் போட்டபோது, அவன் பெண்டாட்டி அம்சவல்லி உள்ளே களி கிண்டிக்கொண்டிருந்தாள். கல் விழுந்த சத்தம் கேட்டதும் துடுப்பைச் சட்டியிலேயே விட்டுவிட்டு வெளியே ஓடிவந்தாள்.

புருஷன் கையில் கத்தி. வாசலில், கயிற்றுக் கட்டிலில், போளூர்ப் புளி வியாபாரி ஆதிநாராயணன் டிரான்சிஸ்டரை மடியில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். மாசி பிறந்தால் மலையேறி வந்துவிடுவார். எந்த வீட்டுப் புளிய மரத்தை விலைக்குப் பார்க்கிறாரோ அந்த வீட்டில் கோழி அடிக்க வேண்டும். யார் போட்ட சட்டமோ, அந்த ஊரில் இதுவரை ஒருத்தரும் மறுபேச்சுப் பேசியதில்லை.

"பெட்டையா பார்த்து அடிப்பா. சேவக் கறி பல்லுல மாட்டுது" என்றார் அவர்.

அந்த வீட்டில் இருந்ததே ஒரே ஒரு பெட்டைதான். அவள் கல்யாணமாகி வந்த இரண்டு வருஷமாக, அது இட்ட முட்டையெல்லாம் ஜமுனாமரத்தூர் சந்தைக்குத்தான் போனது. இந்த முறை அம்சவல்லி பிடிவாதமாக ஒளித்துச் சேர்த்து, பதினொரு முட்டையை அடை வைத்தாள். இடிச் சத்தத்துக்குக் கூமுட்டை ஆகிவிடக் கூடாதென்று, இடியே இடிக்காத மாசத்திலும் கூடையில் இரும்புத் துண்டும் கரியும் போட்டுவைத்தாள். ஒன்பது பொரித்தன. குஞ்சு வளர்த்துப் பழக்கமில்லாதவள், முதல் நாளே குழிச் சட்டியில் தண்ணீர் வைத்துத் தொலைத்தாள். ஒன்று அதில் விழுந்து விறைத்துப்போனது. அதை முந்தானையில் பொதிந்துகொண்டு அடுப்போரம் உட்கார்ந்தவள், அது கத்துகிறவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அப்படிப்பட்டவளிடம் தாய்க்கோழியைக் கேட்டால்?

"பொரிச்சு மூணு நாள்தான் ஆவுது. தாயை அறுத்துட்டா அதுங்க இன்னா பண்ணும்?"

"கத்தாத. அவரு கெளம்பிட்டா புளியை யாரு வாங்குவா? உங்கப்பனா?" தீர்த்தகிரி பல்லைக் கடித்தான்.

வியாபாரி சிரித்தார். "குஞ்சுதானம்மா. அடுப்பாண்ட வெச்சா பொழச்சுக்கும்."

"ஒரு ராத்திரி தாங்காதுங்க."

தீர்த்தகிரி பஞ்சாரத்தைத் தூக்கக் குனிந்தான். அதற்குள் அம்சவல்லி, முன்பு கல் இருந்த இடத்தில், பஞ்சாரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மூங்கில் கிறீச்சிட்டது. அவளுக்குப் பயம்தான். ஆனால் எழுந்திருக்கிற எண்ணம் மட்டும் வரவில்லை.

"எந்திரிடி."

"கோழி இல்ல. களியும் காராமணிக் கொழம்பும் கீது. நீ போய் மொதலாளிக்குப் போடு."

வியாபாரி டிரான்சிஸ்டரை அணைத்தார். "இன்னா தீர்த்தகிரி, ஒக்காரவா, கெளம்பவா?"

தீர்த்தகிரி அவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கத்தியைப் பார்த்தான். உள்ளே களி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. யாரும் நகரவில்லை. பஞ்சாரம் ஆடியதில் மிரண்ட தாய்க்கோழி, குஞ்சுகளை இறக்கைக்குள் தள்ளிவிட்டு, மூங்கில் இடுக்கு வழியாக அம்சவல்லியின் குதிகாலை ஓங்கிக் கொத்தியது. மறுபடியும் அதே இடத்தில் கொத்தியது. ரத்தம் துளிர்த்தது. அவள் வியாபாரியைப் பார்த்தபடி, காலை இன்னும் கொஞ்சம் அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.