நூற்று நாற்பது பவுண்டு மணல்

“வீட்டுலயே எடை தூக்கிப் பழகணும். எதை வாங்கலாம்?” என்று லாயிட் கோஸ்கி கேட்டதும், பழைய விளையாட்டுச் சாமான் கடை டுவெய்ன் வாய்விட்டுச் சிரித்தான்.

“அறுபத்திரண்டு வயசுல யாரை மயக்கப் போறீங்கண்ணே?”

“என் பொண்டாட்டியைத் தூக்கணும்டா.”

சிரிப்பு பட்டென்று நின்றது. வெர்னாவின் நிலைமை ஊருக்கே தெரியும். நரம்பு நோய். ஆகஸ்டில் கால்கள் போயின, அக்டோபரில் கைகள். கட்டிலிலிருந்து குளியலறைக்கு, அங்கிருந்து நாற்காலிக்குத் தூக்க ஆள் இருக்கும்வரை வீடு. இல்லையென்றால் நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம்.

ஆளைத் தூக்கும் இயந்திரம் ஒன்றை நர்ஸ் கோரின் கொண்டுவந்து காட்டத்தான் செய்தாள். துணித் தொட்டிலில் கிடத்தி, கொக்கியில் மாட்டி உயர்த்த வேண்டும். வெர்னா ஒரே பார்வைதான் பார்த்தாள்.

“நீ சுட்ட மானை நவம்பர்ல கராஜ்ல தொங்கவிடுவியே, அந்த மாதிரி நான் தொங்கணுமா? அதுக்கு இல்லத்துக்கே போய்ச் சாகறேன்.”

அதனால்தான் லாயிட் கடைக்கு வந்திருந்தார். டுவெய்ன் ரப்பர் பட்டைகளைக் காட்டினான். கைப்பிடி வைத்த இரும்புக் குண்டுகளைக் காட்டினான். மூலையில் கிடந்த கித்தான் பையைக் காலால் தள்ளி, “மல்யுத்தப் பசங்க இதுல மணல் ரொப்பித் தூக்குவாங்க” என்றான்.

“மணலா? முப்பது வருஷம் சுரங்கத்துல இரும்புக்கல் லாரி ஓட்டினவன்டா நான். இரும்பைக் குடு.”

நீளக் கம்பியும் இரும்புத் தட்டுகளும் வீடு வந்தன. வாரத்துக்கு ஐந்து பவுண்டாக ஏற்றி, டிசம்பர் முடிவதற்குள் நூற்றைம்பதைத் தரையிலிருந்து தூக்கிவிட்டார். வெர்னா நூற்று நாற்பதுதான். அதுவரை கோரினும் அவருமாகத் தூக்கிவந்தவளை, புத்தாண்டுக் காலையில் முதல்முறையாகத் தனியாகத் தூக்கினார்.

கம்பியில் கைக்குப் பிடி உண்டு. அது தொய்யாது, வழியாது. வெர்னாவின் உடம்பு பாதித் தூக்கலில் இடுப்போடு மடிந்தது. தலை ஒரு பக்கம் சரிந்தது. லாயிட் இறுக்கிப் பிடிப்பதற்குள் அவள் விலா குளியல் தொட்டியின் விளிம்பில் மோதிவிட்டது.

நீலம் பாரித்த இடத்தை மறுநாள் கோரின் பார்த்தாள். “இன்னொரு தடவை விழுந்தா வீட்டுல வெச்சுக்க விடமாட்டாங்க, லாயிட். நான் ரிப்போர்ட்ல எழுதித்தான் ஆகணும்” என்றாள்.

லாயிட் மறுபடி கடைக்குப் போனார். டுவெய்ன் ஒன்றும் கேட்காமல் கித்தான் பையை எடுத்துக் கொடுத்தான். பனியில் வழுக்காமலிருக்க பிக்கப் வண்டியின் பின்னால் போட்டிருந்த மணல் மூட்டைகளைப் பிரித்து அதில் கொட்டினார்.

“என் எடைக்கு மேல ஒரு பவுண்டு வைக்கக்கூடாது” என்று கட்டிலிலிருந்தே சட்டம் போட்டாள் வெர்னா. “உன் முதுகு போச்சுன்னா ரெண்டு பேருக்கும் இல்லம்தான். கிழட்டுக் காளை, கேக்குதா?”

“கேக்குதும்மா, மகாராணி.”

அணைத்து, முழங்காலில் ஏற்றி, மார்போடு சேர்த்து எழ வேண்டும். பை வழிந்தது, சரிந்தது, காலில் விழுந்தது. அதுவரை வெர்னாவைத் தூக்கக் கோரினும் கைகொடுத்தாள்; மூன்றாம் வாரத்தில் பிடி கிடைத்தது. அதன்பிறகு வெர்னா விழவேயில்லை.

திங்கட்கிழமைதோறும் அவளை ஏந்திக்கொண்டு எடைக்கருவியில் ஏறி, தன் எடையைக் கழிப்பார். நூற்று முப்பத்தாறு. நூற்று இருபத்தெட்டு. எண்ணைச் சொன்னதும், “பையைச் சரி பண்ணிட்டியா?” என்று கேட்பாள். கராஜுக்குப் போய் அவள் குறைந்த அளவுக்குப் பையிலிருந்து மணலை அள்ளிக் காலி காபி டப்பாவில் கொட்டுவார். ஊரில் எடை பழகுகிறவர்கள் எல்லாரும் வாரந்தோறும் ஏற்றினார்கள். லாயிட் இறக்கினார்.

“அலாக்கா தூக்கறீங்களே! நல்லா பலம் வந்துடுச்சு” என்று மார்ச்சில் பாராட்டினாள் கோரின். லாயிட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒருநாள், “உன் ஜிம்மைக் காட்டேன்” என்றாள் வெர்னா. கராஜுக்கு ஏந்திப் போனார். பை பாதி துவண்டு கிடந்தது. அலமாரியில் ஐந்து காபி டப்பாக்கள்.

“அது என்ன?”

“மணல்.”

வெர்னா வெகுநேரம் அந்த வரிசையையே பார்த்தாள். “அவ்வளவும் நானா?” என்றாள். பிறகு, “குளிருது. உள்ள போகலாம்.”

அடுத்த திங்கட்கிழமை தொண்ணூற்று நான்கு. “எவ்வளவு?” என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கட்டிலில் கிடத்தி, போர்வையை இழுத்துவிட்டு, கராஜுக்குப் போனார்.

ஐந்து டப்பாக்களையும் ஒவ்வொன்றாகப் பையில் கவிழ்த்தார். வாயை இறுக்கிக் கட்டினார். மறுபடி நூற்று நாற்பது. குனிந்து அணைத்து, முழங்காலில் ஏற்றி, மார்போடு சேர்த்து எழுந்தார். முதுகு சுரீரென்றது.

“என்ன பண்ற அங்க?” வெர்னாவின் குரல் சன்னமாக வந்தது.

“ஒண்ணுமில்ல. வரேன்.”

ஆனாலும் லாயிட் பையைக் கீழே வைக்கவில்லை.