வெங்கடேசனின் மூத்த தாரம்

வியாழக்கிழமை காலையில் தாலி கட்டி, அன்றைக்கே வெட்டிச் சாய்த்த பெண்டாட்டி, வெள்ளிக்கிழமை காலையில் குருத்து விட்டு நின்றாள்.

பதற வேண்டாம். பெண்டாட்டி என்றால் வாழைமரம். வெங்கடேசன் எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவான். திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டாருக்குச் செம்புக்கம்பியில் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். வயது முப்பத்து நாலு. எரிந்துபோன மோட்டாரைத் திறந்து முகர்ந்து பார்த்தே எங்கே புகைந்தது என்று சொல்லிவிடுவான். ஆனால் பெண் பார்த்துவிட்டு வந்தால், அவள் சிரித்தாளா முறைத்தாளா என்று அம்மா சந்திராவைத்தான் கேட்பான்.

குறை அவனிடத்தில் இல்லை, ஜாதகத்தில் இருந்தது. இரண்டு தாரம் என்று ராஜகோபால் ஜோசியர் சொன்ன நாளிலிருந்து, வீடு பார்க்க வந்த பெண் வீட்டார் காபி டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகத் தொடங்கினார்கள். இரண்டு தாரம் என்றால் முதல் தாரம் நிலைக்காது என்பது ஊர்க் கணக்கு. நிலைக்காத நாற்காலியில் தன் பெண்ணை உட்காரவைக்க எவளுக்கு மனசு வரும்? அம்மையார்குப்பத்து ரத்தினம்மாள் மட்டும் எழுந்து போகாமல், பஜ்ஜியையும் தின்று முடித்துவிட்டு ஒரு வழி சொன்னாள். தறிக்காரக் குடும்பம். இழை அறுந்தால் அழுதுகொண்டிருக்க மாட்டார்கள், முடிச்சுப் போடுவார்கள்.

"மொதல்ல ஒருத்தி வந்துட்டுப் போயிடட்டும். அப்புறம் எம்பொண்ணு வருவா."

அப்படி வந்துவிட்டுப் போக வேண்டிய ஒருத்திதான் கொல்லையிலிருந்த வாழை. அதன் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டி, அரிவாளால் வெட்டி, தலை முழுகி, தாரம் இழந்தவனாக வீட்டுக்குள் நுழைந்து, புது மாப்பிள்ளையாக வெளியே வருவது இந்தப் பக்கத்தில் பல பேர் சத்தமில்லாமல் செய்கிற காரியம். வெட்டிய பிறகு யாரும் கொல்லைக்குப் போய் அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்ப்பதில்லை. வெங்கடேசன் போனான். பல் விளக்க.

வெட்டிய அடிமரத்தின் நடுவிலிருந்து, சுருட்டி வைத்த பாய் மாதிரி, வெளிர்பச்சையில் ஒரு சாண் உயரத்துக்குக் குருத்து எழும்பியிருந்தது. பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது.

"எம்மா, இங்க வா. வந்துகினு கீது."

"இன்னாடா வந்துகினு கீது? பாம்பா?"

"இல்ல. அவ."

சந்திரா வந்து பார்த்தாள். முந்தின நாள் வெட்டும்போது அவள் நிஜமாகவே அழுதிருந்தாள். இருக்காதா பின்னே? எதிர்த்துப் பேசாத மருமகள் இன்னொரு முறை கிடைப்பாளா? இன்றைக்கு அந்த அழுகையெல்லாம் இல்லை.

"ரோஷக்காரியா கீறா. இன்னொரு வாட்டி வெட்டு."

வெட்டினான். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்தால் மறுபடியும் விரல் நீளத்துக்கு எட்டிப் பார்த்தாள். அதையும் வெட்டினான். சனிக்கிழமை விடிந்ததும் முதல் வேலையாகப் போய்ப் பார்த்தான். முன்னைவிட நேராக நின்றாள். மூன்றாவது வெட்டோடு வெங்கடேசனுக்குக் கை ஓய்ந்துவிட்டது. தாரம் இழந்தவன் என்றால் ஒருமுறைதானே இழக்க வேண்டும்? இப்படி வேளைக்கு ஒருமுறை இழந்துகொண்டிருந்தால் தான் யார் என்று அவனுக்கே விளங்கவில்லை. ஜோசியருக்குப் போன் போட்டான்.

"தாலி இன்னா ஆச்சி?" என்றார் ராஜகோபால்.

"நந்தியாத்துல போட்டாச்சிங்க."

"அப்போ முடிஞ்சிது. நீ தாரம் இழந்தவன்."

"அவ நிக்கிறாளே சாமி."

"தாலி இல்லாமதான நிக்கிறா? அப்போ அது வேற பொண்ணு."

"ஒரே கெழங்குங்களே."

அந்தப் பக்கம் டிவி சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. "ஒரே கெழங்குன்னா... கூடப் பொறந்தவ. உனக்கு மச்சினிச்சி முறை."

"அப்போ மச்சினிச்சியையா ரெண்டு வாட்டி வெட்டினேன்?"

"அரக்கோணம் வண்டி வந்துடுச்சிப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார். சீரியலில் வண்டி வந்ததோ என்னவோ.

மதில்சுவருக்கு அந்தப் பக்கம் பரந்தாமன் நின்றுகொண்டிருந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது முழுநேர வேலை அந்தச் சுவரோரம் நிற்பதுதான். அடுத்த வீட்டுப் போனில் பாதியைக் கேட்டுவிட்டு மீதியைத் தாமே நிரப்பிக்கொள்கிற திறமை அவருக்கு உண்டு.

"வேப்பமரம் எப்படிடா வருது?" என்று ஆரம்பித்தார்.

"வெத விழுந்துங்க மாமா."

"ஆங். காக்கா எச்சம் போட்டாப் போதும். வாழைப்பழத்துல வெதையப் பாத்துகிறியா நீ? கறுப்பா பொடிப்பொடியா இருக்கும், அது வெதையில்ல, வெத இருந்த எடம். காட்டு வாழைல கல்லு கல்லா இருக்குமாம், பல்லு போயிடும். நாம தின்னத் தோதா கீறதையே பொறுக்கிப் பொறுக்கி வெச்சோம். அது வெதையவே மறந்துட்டுது. இன்னிக்கி ஒலகத்துல நிக்கிற வாழையெல்லாம் எவனோ ஒருத்தன் கன்னு பேத்துகினு போயி வெச்சதுதான். மனுசன் கை படலன்னா அது அடுத்த தெருவுக்குக்கூடப் போவாது."

"அதுக்கும் எனக்கும் இன்னாங்க?"

"இன்னாவா? கன்னுன்றது புள்ளையில்லடா. அதேதான் இன்னொரு எடத்துல எழுந்து நிக்குது. உங்கம்மா எங்கிட்டதான் கன்னு வாங்கிகினு போனா. எனக்கு மணவூர்ல மாமியார் வூட்ல குடுத்தாங்க. அவங்களுக்கு எவன் குடுத்தானோ! நீ இன்னாடான்னா ஒரு மரத்துக்குத் தாலி கட்னதா நெனச்சிகினு கீற. கட்னது மொத்தக் கூட்டத்துக்கும்."

சுவருக்கு மேலே பரந்தாமனின் வாழைக்கூட்டம் காற்றில் தலையை ஆட்டியது. வெங்கடேசன் தன்னையறியாமல் மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டான்.

அதன் பிறகு கடப்பாரையோடு வந்தான், கிழங்கையே பெயர்த்துவிடலாம் என்று. பரந்தாமன் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

"பொண்ணு குடுத்த வூட்ல ஒரு வார்த்த கேக்காம தோண்டுவியா மாப்ள?"

அவர் விளையாடுகிறாரா நிஜமாகக் கேட்கிறாரா என்று முகத்தைப் பார்த்தான். தெரியவில்லை. கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டான்.

மற்ற பெண் வீட்டார் எழுந்து போனபோது அவனுக்கு இவ்வளவு பதற்றம் இல்லை. ரத்தினம்மாளின் மகள் யுவஸ்ரீ அவனோடு போனில் பேசியிருந்தாள். பிடித்த கலர் என்ன, சினிமாவுக்குப் போவீர்களா என்றெல்லாம் கேட்காமல், "எங்க வூட்டுத் தறி மோட்டார் மத்தியானமானா மட்டும் மொனகுது, ஏங்க?" என்று கேட்டாள். வெங்கடேசன் காது சூடாகும் வரைக்கும் விளக்கினான். அவள் நடுவில் போனை வைக்கவில்லை. அவனிடம் அப்படி ஒரு கேள்வியை எந்தப் பெண்ணும் கேட்டதில்லை. இந்தப் பெண்ணும் கைவிட்டுப் போனால், இனி எந்த ஜாதகமும் சேர வேண்டாம் என்று மனசுக்குள் முடிவே கட்டியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கிருத்திகை. காவடியும் மொட்டையுமாக ஊர் நெரிந்துகொண்டிருந்த நேரத்தில், மலையிலிருந்து இறங்கிய கையோடு ரத்தினம்மாளும் யுவஸ்ரீயும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்கள். சந்திரா முகமெல்லாம் சிரிப்பாக வரவேற்றுவிட்டு, பின்பக்கம் ஓடி, கையில் கிடைத்த பக்கெட்டைக் குருத்தின் மேல் கவிழ்த்தாள். அவசரத்தில் அது அடி உடைந்த பக்கெட் என்பதைக் கவனிக்கவில்லை.

"தண்ணி குடுங்க அண்ணி" என்றாள் ரத்தினம்மாள். "அப்புடியே வெட்டின எடத்தயும் காட்டிடுங்க. பாத்துட்டா மனசு அடங்கிடும்."

கொல்லையில் கவிழ்ந்த பக்கெட்டின் ஓட்டை வழியாகக் குருத்து வெளியே வந்து, ஒரு இலையைக் குடை மாதிரி பாதி விரித்திருந்தது.

"பக்கெட்ல இன்னா மொளைக்குது?"

"அது மணி பிளாண்டுங்க" என்றாள் சந்திரா.

"மணி பிளாண்ட்ல வாழையெல வுடுமா?"

யுவஸ்ரீ அம்மாவைத் தாண்டி வந்து வெங்கடேசனையே கேட்டாள். "வெட்னது இதானாங்க?"

அம்மாவின் கண் 'இல்லைன்னு சொல்லுடா' என்றது. அவனுக்கு அது நன்றாகவே புரிந்தது. அவனுக்கு எளிதில் புரிகிற கண் அது ஒன்றுதான். ஆனால் வாய் வேறு வழியில் போய்விட்டது.

"ஆங். மூணு வாட்டி."

ரத்தினம்மாளின் குரல் தெருமுனைப் பூக்கடை வரைக்கும் கேட்டது என்கிறார்கள். "ரெண்டு பொண்டாட்டிக்காரனுக்கா எம்பொண்ணக் குடுக்கச் சொல்றீங்க?"

"இப்பதானே மேல போயி ரெண்டு பேரோட நிக்கிறவரக் கும்புட்டுட்டு வந்தீங்க?" என்றாள் சந்திரா.

"அவரு சாமிங்க. உங்க புள்ள மோட்டார் ரிப்பேரு."

இந்த இடத்தில் பரந்தாமன் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அவர் பரந்தாமன் இல்லை. சுவருக்கு மேலே தலை எழும்பியது. "வணக்கம்மா."

"இவரு யாரு?"

"பொண்ணோட அப்பா."

"எந்தப் பொண்ணுக்கு?"

அவர் பக்கெட்டைக் காட்டினார். ரத்தினம்மாள் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சம் மூச்சு வந்ததும், "கெழங்கோட பேத்து எரிச்சாத்தான் ஆச்சி. இல்லன்னா இந்தச் சம்மந்தம் வேணாம்" என்றாள்.

வெங்கடேசன் கடப்பாரையை எடுத்தான்.

"பேத்துடுங்க" என்றார் பரந்தாமன். "அப்புறம் எங்கூட்டதையும் பேக்கணும். மணவூர்ல பேக்கணும். உங்க கொல்லைல வாழ கீதாம்மா?"

"கீது. மொந்தன்."

"இதுவும் மொந்தன்தான். உங்களுக்கு எங்கருந்து வந்துது?"

ரத்தினம்மாள் வாயைத் திறந்தாள். யார் கொடுத்தார்கள்? நாத்தனாரா? எதிர்வீட்டுக்காரியா? நினைவில்லை. வாழைக்கன்று எங்கிருந்து வந்தது என்று யார் நினைவு வைத்திருக்கிறார்கள்? தன் வீட்டுக் கொல்லையிலேயே சக்களத்தி குலை தள்ளி நிற்கக்கூடும் என்கிற எண்ணம் அவள் முகத்தில் ஏறியதை எல்லோரும் பார்த்தார்கள்.

யுவஸ்ரீ மட்டும் போனை எடுத்து ஜோசியரைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சாமி, அவரு ஜாதகத்துல ரெண்டு தாரம்னு கீதே, மொதல் தாரம் செத்துடும்னு கீதா?"

ராஜகோபால் தொண்டையைச் செருமினார். "ரெண்டுன்னுதாம்மா கீது. சாவறது... நாமளா பாத்துச் சொல்றதும்மா."

"சரிங்க." போனை வைத்தாள். "அம்மா, வெட்ட வெட்டப் புதுசா ஒருத்தி வர்றான்னா, இப்ப நிக்கிறவ நாலாவது. நான் அஞ்சாவது. ஜாதகத்துல அஞ்செல்லாம் கெடையாது. வர்றது அதே ஒருத்திதான்னா, அவ மொதல், நான் ரெண்டாவது. கணக்கு சரியாப் போவுது. இனிமே வெட்டாம இருந்தாப் போதும்."

"உசுரோட கீறவ மேலயாடி உன்னக் குடுக்கறது?"

"அவ இன்னா சோறு கேக்கப் போறாளா, பொடவ கேக்கப் போறாளா?"

ரத்தினம்மாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். நாலாவது விரலில் குழம்பி, மறுபடி முதல் விரலுக்கு வந்து, கையை மடியில் போட்டுக்கொண்டாள். பிறகு வெங்கடேசனைப் பார்த்தாள். "நீ இன்னா சொல்ற தம்பி?"

"எனக்கு ஒண்ணும் புரியலைங்க அத்த" என்றான் வெங்கடேசன். கடப்பாரை இன்னும் கையில்தான் இருந்தது. "நான் பொண்டாட்டி செத்தவனா, கீறவனான்னே தெரியல. தோண்டச் சொன்னா தோண்டறேன். ஆனா இவங்களத்தான்..." யுவஸ்ரீ பக்கம் கையைக் காட்டினான். வாக்கியத்தை முடிக்கத் தெரியாமல் அப்படியே விட்டான்.

ரத்தினம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மணி பிளாண்டுன்னு சொல்லத் தெரியாம மூணு வாட்டின்றான் பாரு" என்று முணுமுணுத்தாள். அது திட்டா பாராட்டா என்று வெங்கடேசனுக்குத் தெரியவில்லை. சந்திராவுக்குத் தெரிந்தது. பாயசத்துக்குச் சேமியா இருக்கிறதா என்று பார்க்க உள்ளே ஓடினாள்.

"அடுத்த மாசம் முகூர்த்தம் பாருங்க" என்றாள் ரத்தினம்மாள், சுவரைப் பார்த்து. அங்கேதான் யாரோ பெரியவர் நிற்பதாக அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பரந்தாமனும் சம்பந்தி மாதிரியே தலையை ஆட்டினார்.

யுவஸ்ரீ குனிந்து பக்கெட்டைக் கழற்றினாள், இலை கிழியாமல் மெதுவாக. குருத்து ஒருமுறை ஆடி நிமிர்ந்தது.

"தண்ணி ஊத்துங்க" என்றாள் வெங்கடேசனிடம்.

"இதுக்கா?"

"காஞ்சி கீஞ்சி போச்சின்னா அப்புறம் நான் மொதல் ஆயிடுவேன், ரெண்டாவதா வேற ஒருத்தி வருவா."

அவன் தொட்டியில் ஒரு சொம்பு மொண்டுகொண்டு வந்தான். வந்து நின்றான். ஊற்றினால் இவள் என்ன நினைப்பாள், ஊற்றாமல் நின்றால் என்ன நினைப்பாள் என்று யோசித்தான். கேட்கலாமென்று அம்மாவைத் தேடினான். அம்மா அடுப்படியில் இருந்தாள். யுவஸ்ரீ சிரிப்பது போலவும் இருந்தது, முறைப்பது போலவும் இருந்தது.

"அடிலதான் ஊத்தணும், குருத்துல படக்கூடாது" என்றாள்.

"ஆமாமா, அழுவிடும்" என்றார் பரந்தாமன்.

வெங்கடேசன் உட்கார்ந்து, சொம்பைச் சாய்த்து, அடியில் ஊற்றினான்.